கல்லீரல் நோயுள்ள குழந்தையின் எலும்பைக் காப்பது எப்படி

நாள்பட்ட கல்லீரல் நோய் உள்ள குழந்தையை வைத்திருக்கும் அப்பா அம்மாவின் கவனம் முழுவதும் பிலிரூபின் (மஞ்சள் காமாலையைக் காட்டும் ரத்த அளவு) எவ்வளவு, வயிறு வீங்கியிருக்கிறதா, மலம் வெளுத்துப் போகிறதா என்பதிலேயே இருக்கும். இருக்க வேண்டியதும்தான். ஆனால் அதே சமயத்தில் எலும்பும் பலவீனமாகிக்கொண்டிருக்கலாம், ஆரம்பத்தில் அது வலிக்காது, வெளியே தெரியாது. ஒரு நாள் சட்டை மாட்டுவதற்காகக் கையைத் தூக்கும்போது குழந்தை வீறிட்டு அழும், எக்ஸ்ரே எடுத்தால் முறிவு இருக்கும். அதுவரை காத்திருக்க வேண்டாம், முன்கூட்டியே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம். நாம் சாப்பிடும் கொழுப்பைக் குடல் உறிஞ்சிக்கொள்ள பித்தநீர் வேண்டும். பித்தநாளம் அடைபட்டுப் பிறக்கும் பிலியரி அட்ரீசியா மாதிரியான நோய்களில் பித்தநீர் குடலுக்குச் சரியாக வந்து சேராது. கொழுப்பு அப்படியே மலத்தில் போய்விடும், அதில் கரையும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கூடவே போய்விடும். வைட்டமின் டி குறைந்தால் கால்சியம் உள்ளே ஏறாது. அது போதாதென்று, குடலில் மிச்சமிருக்கும் கொழுப்பு கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோப்பு மாதிரி ஒரு பொருளாகி வெளியேறிவிடும். அதனால் இந்தக் குழந்தைகளைப் பொறுத்தவரை வாயில் கொடுத்தது வேறு, உடம்பில் சேர்ந்தது வேறு. "தினமும் டி சொட்டு மருந்து கொடுக்கிறோமே" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

ஆகவே முதல் வேலை, ரத்தத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது. பரிசோதனைச் சீட்டில் 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி என்று இருக்கும், அதுதான் நமக்கு வேண்டிய அளவு. ஒரு மில்லி ரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு, பித்தநீர் தேங்கும் நோய் உள்ள குழந்தைகளுக்கு 30-க்கு மேல் வைத்திருக்கத்தான் மருத்துவர்கள் முயற்சி செய்வார்கள். மஞ்சள் காமாலை இன்னும் குறையாத குழந்தைக்கு இதைச் சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், மருந்தின் அளவை மாற்றினால் அதற்குப் பிறகு மறுபடியும். அவர்களாகவே எழுதித் தருவார்கள் என்று இருக்காமல் நீங்கள் கேளுங்கள். கால்சியம், பாஸ்பரஸ், மக்னீசியம், பிடிஎச் ஹார்மோன் (ரத்தத்தில் கால்சியம் அளவைச் சீர்படுத்துவது) நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழுப் படம் கிடைக்கும். ஏஎல்பி என்ற நொதியும் சீட்டில் இருக்கும், அது எலும்பிலிருந்தும் வரும், கல்லீரலிலிருந்தும் வரும், அதனால் அது கூடியிருப்பதை மட்டும் வைத்து எலும்பைப் பற்றி முடிவு கட்ட முடியாது. ரத்தத்தில் உள்ள அல்புமின் என்ற புரதம் குறைவாக இருந்தால் மொத்தக் கால்சியமும் குறைவாகக் காட்டும், அதைப் பார்த்துப் பதறாமல் அயனிக் கால்சியம் (புரதத்தோடு ஒட்டாமல் தனியாக இருக்கும் கால்சியம்) பார்க்கலாமா என்று கேளுங்கள்.

அடுத்தது மருந்து கொடுக்கும் விதம். தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான் என்பது என் எண்ணம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஆரோக்கியமான கைக்குழந்தைக்கு ஒரு நாளைக்கு 400 யூனிட் போதும், பித்தநீர் தேங்கும் குழந்தைக்கு 2000 முதல் 5000 யூனிட் வரைகூடத் தேவைப்படலாம், சிலருக்கு அதற்கும் மேல். கேட்டவுடன் பயமாக இருக்கும், ஆனால் அதில் பெரும்பகுதி உள்ளே ஏறாமலே போய்விடுகிறது என்பதை நினைவில் வையுங்கள். அதே நேரத்தில் நீங்களாக அளவைக் கூட்டவும் வேண்டாம். சொட்டு மருந்துகள் எல்லாம் ஒரே அடர்த்தி கிடையாது, ஒரு பாட்டிலில் ஒரு மில்லிக்கு 400 யூனிட் இருக்கும், இன்னொன்றில் ஒரே சொட்டில் 400 யூனிட் இருக்கும். பாட்டில் மாறும் ஒவ்வொரு முறையும் லேபிளைப் படித்துவிட்டு, எத்தனை மில்லி என்று திரும்பக் கேட்டுக்கொள்ளுங்கள். அளவு மீறினால் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், அதிகத் தாகம், அடிக்கடி சிறுநீர் என்று தெரிய வரும், சிறுநீரகமும் கெடலாம்.

அப்புறம் நேரம். அரிப்புக்காகக் கொலஸ்டிரமின் பொடி கொடுப்பவர்கள் கவனியுங்கள், அது பித்த அமிலத்தை மட்டும் பிடிக்காது, வைட்டமின்களையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். வைட்டமினை அந்தப் பொடிக்கு ஒரு மணி நேரம் முன்னாலோ, நாலைந்து மணி நேரம் பின்னாலோ கொடுக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கரைத்துக் கொடுத்தால் வைட்டமின் கொடுத்ததற்கு அர்த்தமே இல்லை. நீரில் கரையும் வகை வைட்டமின் ஈ ஒன்று உண்டு, டிபிஜிஎஸ் என்பார்கள், அதோடு கலந்து கொடுத்தால் டி-யும் நன்றாக ஏறும், உங்கள் குழந்தைக்கு அது சரிப்படுமா என்று கேட்டுப் பாருங்கள். வாய்வழி எதுவுமே பலிக்காத குழந்தைகளுக்கு ஊசி போடுவார்கள், அதற்கு முன் ரத்தம் சரியாக உறைகிறதா என்று ஐஎன்ஆர் என்ற பரிசோதனையில் பார்ப்பது அவசியம். வைட்டமின் கே என்றாலே ரத்தம் உறைவதுதான் நினைவுக்கு வரும், எலும்பில் உள்ள ஒரு புரதம் கால்சியத்தைப் பிடித்து வைக்கவும் அதுவே வேண்டும்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, இந்தக் குழந்தைகளுக்கு அதே வயதுக் குழந்தைகளைவிட 20 முதல் 50 சதவீதம் அதிக கலோரி தேவைப்படலாம். எம்சிடி எண்ணெய் (நடுத்தர நீளச் சங்கிலிக் கொழுப்பு) பித்தநீரின் உதவி அவ்வளவாக இல்லாமலே உறிஞ்சப்படும், அதனால்தான் அது கலந்த பால்மாவைத் தருகிறார்கள். ஆனால் கொழுப்பு முழுவதையும் எம்சிடி ஆக்கிவிடக்கூடாது, அத்தியாவசியக் கொழுப்பு அமிலங்கள் அதில் இல்லை. கல்லீரல் நோய் என்றால் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், மருத்துவர் சொல்லாமல் அதைச் செய்யாதீர்கள். எலும்பின் அடித்தளமே புரதம்தான். எடையை மட்டும் பார்த்தும் ஏமாந்துவிடக்கூடாது, வயிற்றில் நீர் சேர்ந்து, கல்லீரலும் மண்ணீரலும் பெருத்திருந்தால் தராசு ஏறத்தான் செய்யும், உள்ளே குழந்தை மெலிந்துகொண்டிருக்கும். மேற்கையின் சுற்றளவை அளந்து எழுதி வையுங்கள், அது அந்த அளவுக்கு ஏமாற்றாது.

எலும்புக்கு அசைவு வேண்டும். நிற்பது, நடப்பது, படியேறுவது எல்லாமே எலும்புக்கு நல்லது. மண்ணீரல் பெருத்திருந்தால் மோதி விளையாடும் ஆட்டங்கள் மட்டும் வேண்டாம், வயிற்றில் அடிபட்டால் ஆபத்து. கைக்குழந்தையாக இருந்தால் துணி மாற்றும்போது இரண்டு கணுக்காலையும் பிடித்துத் தூக்காதீர்கள், இடுப்புக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்துத் தூக்குங்கள். கையைப் பிடித்து இழுத்து எழுப்ப வேண்டாம். வீட்டில் குழந்தையைத் தூக்கும் எல்லோருக்கும் இதைச் செய்து காட்டுங்கள்.

மணிக்கட்டோ முழங்காலோ பருத்துத் தெரிவது, விலாவில் மணி மணியாகத் தட்டுப்படுவது, கால் வளைவது, நடக்கத் தொடங்குவது தள்ளிப்போவது, ஒரு கையை மட்டும் அசைக்காமல் வைத்திருப்பது, பெரிய குழந்தை என்றால் முதுகுவலி, இதில் எதைப் பார்த்தாலும் உடனே சொல்லுங்கள். முதுகெலும்பு நசுங்கியிருந்தாலும் சில நேரம் வலியே இருக்காது என்பதால் உயரத்தையும் அவ்வப்போது அளக்க வேண்டும். கை கால் விறைத்தாலோ வலிப்பு வந்தாலோ கால்சியம் மிகவும் இறங்கியிருக்கலாம், அப்போது நேராக அவசர சிகிச்சைக்குத்தான் போக வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காரணம் தெரியாத முறிவோடு கைக்குழந்தையைக் கொண்டுபோனால், யாராவது அடித்தார்களா என்ற கேள்வி வரும். குழந்தையைப் பாதுகாக்கத்தான் கேட்கிறார்கள், ஆனால் கேட்கப்படுகிறவருக்கு நெஞ்சு உடைந்துபோகும். நோயின் பெயர், கடைசி வைட்டமின் டி அளவு, மருந்துப் பட்டியல் மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பையில் வைத்திருங்கள். புதிய மருத்துவமனையில் பேச முடியாத அளவுக்கு நீங்கள் கலங்கியிருக்கும்போது அந்தத் தாள் உங்களுக்காகப் பேசும்.

எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னால், அதே வயதுக் குழந்தைகளோடு ஒப்பிடும் இசட் (Z) ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும், டி (T) ஸ்கோர் பெரியவர்களுக்கானது. வயதுக்கு ஏற்ற உயரம் இல்லாத குழந்தையின் எலும்பு ஸ்கேனில் நிஜத்தைவிட மோசமாகத் தெரியும், எனவே உயரத்துக்குத் திருத்திக் கணக்கிட்டார்களா என்று கேளுங்கள். இசட் ஸ்கோர் மைனஸ் 2-க்குக் கீழே என்பதாலேயே ஆஸ்டியோபோரோசிஸ் (எலும்புத் தேய்வு நோய்) என்று சொல்லிவிட மாட்டார்கள், குழந்தைகளுக்கு முறிவு வரலாறும் சேர்த்துப் பார்க்கப்படும்.

ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தைக்கு எலும்பு இன்னும் வேகமாகப் பலவீனமாகலாம். அதற்காக மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து, எவ்வளவு குறைக்க முடியும் என்று ஒவ்வொரு முறையும் கேட்பது உங்கள் உரிமை. கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்போம், ஆனால் ஸ்டீராய்டு தரும் முதல் சில மாதங்களில் எலும்பின் அடர்த்தி இன்னும் கொஞ்சம் இறங்கும், முறிவுகள் அப்போதும் வரும், அதற்குப் பிறகுதான் ஏறத் தொடங்கும். அந்த மாதங்களிலும் வைட்டமின் டி பரிசோதனையை விட்டுவிடாதீர்கள், குழந்தையைத் தூக்கும் கையிலும் அதே கவனம் இருக்கட்டும்.