கேம் கன்ட்ரோலர் டிரைவரால் கணினி நின்றுபோகிறதா? எஸ்எம்பிஎஸ் வாங்கும் முன் இதைப் பாருங்கள்

பல்லடம், சோமனூர் பக்கம் கணினி திடீரென்று நின்றால் பழி முதலில் மின்சாரத்தின்மேல்தான் விழும். விசைத்தறி ஓடும் ஊரில் வோல்டேஜ் இறங்குவது புதிதில்லை. அதனால் ஸ்டெபிலைசர், எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் மின்சாரம் கொடுக்கும் பாகம்), ராம் என்று வரிசையாகக் காசு கரைகிறது. "அம்மணி, எஸ்எம்பிஎஸ் மாற்றியும் நீலத்திரை வருகிறது" என்று தறிக்காரர் ஒருவர் என்னிடம் பெட்டியைக் கொண்டுவந்தார். பகலில் அதில் ஜிஎஸ்டி கணக்கு, இரவில் மகனின் கால்பந்து விளையாட்டு. யாரும் விளையாடாத பகல் நேரத்திலும் நின்றதால், கன்ட்ரோலர்மீது அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

மின்சாரமா, டிரைவரா (ஒரு சாதனத்தை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருள்) என்பதை விண்டோஸே எழுதி வைத்திருக்கும். விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் சிஸ்டம் என்று போங்கள். கெர்னல் பவர் 41 என்ற பதிவின் விவரப் பகுதியில் பக்செக் கோட் என்று ஓர் எண் இருக்கும். அது 0 என்றால் பெரும்பாலும் மின்சாரம் போயிருக்கும், அல்லது கணினி அப்படியே உறைந்திருக்கும். வேறு எண் என்றால் விண்டோஸ் பிழை கண்டு தானாக நின்றிருக்கிறது. 209 என்றால் ஏதோ டிரைவர் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. 159 என்றால் கணினி உறங்கும்போதோ விழிக்கும்போதோ டிரைவர் ஒத்துழைக்கவில்லை.

அடுத்து, சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் மினிடம்ப் கோப்புகளை (நின்ற நேரத்து நிலையை விண்டோஸ் சேமித்து வைக்கும் கோப்புகள்) வேறு இடத்தில் நகலெடுத்து, புளூஸ்கிரீன்வியூ என்ற இலவச மென்பொருளில் திறந்து பாருங்கள். என்டிஓஎஸ்கெர்னல் என்று மட்டும் காட்டினால் நம்பிவிடாதீர்கள். அது விண்டோஸின் மையக்கரு. மற்றவர் செய்த தவறுக்கு அதன் பெயர் அடிக்கடி அடிபடும். கீழே உள்ள பட்டியலில் மைக்ரோசாஃப்ட் அல்லாத பெயர் எது என்று தேடுங்கள்.

தறிக்காரரின் கணினியில் அகப்பட்டது, பிஎஸ்3 வகைக் கன்ட்ரோலரை எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலராகக் காட்டும் பழைய மென்பொருளின் டிரைவர். இந்த வகை டிரைவர்கள் மையக்கருவோடு சேர்ந்து இயங்குவதால், அவை தவறினால் விளையாட்டு மட்டும் மூடாது, கணினியே நிற்கும். கன்ட்ரோலரைக் கழற்றினாலும் பயனில்லை. அவை உருவாக்கும் போலி யுஎஸ்பி பஸ் (மென்பொருளால் மட்டும் உருவான யுஎஸ்பி இணைப்பு), கணினி தொடங்கும்போதே ஏறிவிடுகிறது. பகலில் கணக்கு எழுதும்போது நின்றதற்கு இதுவே காரணம்.

நீக்குவதைப் பொறுமையாகச் செய்யுங்கள். முதலில், தவறினால் பழைய நிலைக்குத் திரும்ப உதவும் ரீஸ்டோர் பாயின்ட் ஒன்றை உருவாக்குங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவி எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஆப்ஸ் பட்டியலில் அந்த மென்பொருளை நீக்குங்கள். அதற்குள் நின்றுபோனால் ஷிஃப்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுத்து, அடிப்படை டிரைவர்கள் மட்டும் ஏறும் சேஃப் மோடில் போய்த் தொடருங்கள். பிறகு டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவைத் திறந்து, மறைந்திருக்கும் சாதனங்களைக் காட்டச் சொல்லுங்கள். போலி பஸ் பெரும்பாலும் சிஸ்டம் டிவைசஸ் பிரிவில்தான் ஒளிந்திருக்கும். அன்இன்ஸ்டால் கொடுக்கும்போது, டிரைவரையும் அழிக்கவா என்று கேட்கும் சிறு கட்டத்தில் கட்டாயம் டிக் செய்யுங்கள். பலர் தவறவிடும் இடம் இது. டிக் செய்யாவிட்டால் கோப்பு உள்ளேயே தங்கி, மறுபடி ஏறிக்கொள்ளும்.

ரீஸ்டார்ட் செய்து, கன்ட்ரோலரை வேறு யுஎஸ்பி போர்ட்டில் மாட்டுங்கள். எக்ஸ், டி என்று மாற்றும் பொத்தான் இருந்தால் எக்ஸில் வையுங்கள்; விண்டோஸின் சொந்த டிரைவரே போதும். கன்ட்ரோல் பேனலில் கேம் கன்ட்ரோலர்ஸ் பகுதியில் பொத்தான்களைச் சோதிக்கலாம்.

பழைய டிரைவர் ஏறுவதற்காக மெமரி இன்டெக்ரிட்டியை (மையக்கருவைத் தீய மென்பொருளிலிருந்து காக்கும் விண்டோஸ் வசதி) அணைக்கச் சொல்லும் வீடியோக்களைப் பின்பற்றாதீர்கள். வருமானக் கணக்கும் வங்கிக் கடவுச்சொல்லும் இருக்கும் கணினியில் அந்தக் காவலை எடுக்கவே கூடாது. புதிய கன்ட்ரோலர் வாங்குவது அதைவிட மலிவு.

இதற்குப் பிறகும் நின்றால் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட்டுங்கள். அது பிழை காட்டினால் ராமைக் கழற்றி, கடைக்காரர் முன்னாலேயே ஒவ்வொன்றாக மாட்டிச் சோதிக்கச் சொல்லுங்கள்.