பழைய லேப்டாப்புக்கு இலவச லினக்ஸ்

சிம்மக்கல்லில் இருக்கும் சித்தி மகளின் பழைய லேப்டாப்பில் போன வாரம் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். விண்டோஸ் மாதிரி கணினியை இயக்கும் மென்பொருள் இது. காசு கொடுத்து எதுவும் வாங்கவில்லை. நிறுவுவதற்கான ஐஎஸ்ஓ கோப்பு மின்ட்டின் சொந்தத் தளத்திலேயே இலவசம். ஏறக்குறைய 3 ஜிபி. ராம் 4 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பை எடுங்கள். வீட்டில் நெட் மெதுவா? தெரிந்தவரிடம் நகல் வாங்கிக்கொள்ளலாம், சட்டப்படி சரிதான்.

கோப்பை பென்டிரைவில் சும்மா காப்பி செய்தால் பூட் ஆகாது, அதாவது லேப்டாப் அதிலிருந்து தொடங்காது. விண்டோஸில் ஓடும் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருள் மூலம் 8 ஜிபி பென்டிரைவில் எழுதுங்கள். அதிலுள்ள படங்கள் எல்லாம் அழிந்துவிடும், முதலில் வேறெங்காவது எடுத்து வையுங்கள். அப்புறம் அதைப் பழைய லேப்டாப்பில் செருகி, ஆன் செய்ததும் எஃப்12 அல்லது எஃப்9 தட்டி பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே மின்ட் ஓடும். வைஃபை, ஒலி இரண்டையும் அப்போதே சோதித்துவிட்டு நிறுவுங்கள்.