சுண்ணாம்புக்கல் காட்டில் நடக்க: பொதிகைப் பாறை பழகிய கால்களுக்கு

பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் ஏறி இறங்கிப் பழகியவர்கள் 'பாறைதானே' என்று கிளம்பினால், சுண்ணாம்புக்கல் காட்டில் சறுக்கி உட்கார வேண்டியதுதான். நியூஸிலாந்தின் தெற்குத் தீவில், கராமியா ஊருக்கு வடக்கே இருக்கும் ஓபராரா பள்ளத்தாக்கை வைத்து விளக்குகிறோம். மழைக்காடு, குகை, ஆற்றுக்கு மேல் நிற்கும் கல் வளைவு எல்லாம் அங்கே ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

1. கல்லைப் பழகுங்கள்

தாழையூத்துச் சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்றை ஆணியால் சுரண்டி, அந்தப் பொடியில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விடுங்கள். கிட்டே குனிந்து பார்த்தால் ஊசிமுனை அளவில் நுரை கிளம்பும். பொதிகைப் பாறையில் இப்படி நுரைக்காது. மழைநீர் காட்டு மண்ணில் இறங்கும்போது கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அதுதான் உள்ளே புகுந்து குகை குடைகிறது. கூரை இடிந்து விழுந்தபின் மிஞ்சி நிற்பது வளைவு. பாசி மூடிய இடத்தைத் தரை என்று மிதித்தால் அடியில் பொந்து இருக்கலாம். எனவே பாதையை விட்டு இறங்காதீர்கள்.

2. மூட்டை

ஆளுக்கு இரண்டு விளக்கு: தலையில் மாட்டுவது ஒன்று, கை டார்ச் ஒன்று, கூடவே மாற்று பேட்டரி. செல்போன் வெளிச்சத்தை நம்பினால் பிடிக்க வேண்டிய கை ஒன்று போய்விடும். ஆழமான பள்ளம் வெட்டிய ரப்பர் அடி ஷூ, ரெயின்கோட், ஒன்றரை லிட்டர் தண்ணீர். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயாது. மணல் ஈ பிடுங்கி எடுத்துவிடும். முழுக்கைச் சட்டை போடுங்கள்.

ஊரிலேயே ஷூவின் அடியைப் பிரஷ் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். நியூஸிலாந்து விமான நிலையத்தில் நடைப்பயண ஷூவையும் தின்பண்டத்தையும் படிவத்தில் கட்டாயம் காட்ட வேண்டும். அல்வாவில் நெய் இருக்கிறது, அதையும் எழுதுங்கள். மறைத்தால் 400 நியூஸிலாந்து டாலர் அபராதம்.

3. போய்ச் சேர

கடைசிப் பகுதி ஒடுக்கமான சரளைச் சாலை. பெரிய வேன் சரிப்படாது. சிக்னல் கிடையாது. திரும்பும் நேரத்தைத் தங்குமிடத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். பாதை திறந்திருக்கிறதா என்று அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறையின் (DOC) இணையதளத்தில் முதல் நாளே பாருங்கள்.

4. நடக்கும் விதம்

பாதத்தை முழுதாகப் பதித்து, எட்டைச் சிறிதாக வையுங்கள். பலர் மிதித்து வழவழப்பான கல்லின்மேல் ஈரக் களிமண் ஒரு படலமாகப் படிந்திருக்கும். குதிகாலை ஊன்றினால் போச்சு. மரவேரை மிதிக்காமல் தாண்டுங்கள். மோரியா கேட் வளைவுக்குச் சின்னக் குகை வழியாக இறங்க வேண்டும். அங்கே முகத்தைப் பாறைப் பக்கம் திருப்பி, இரண்டு கை, இரண்டு கால் நான்கில் மூன்று எப்போதும் பிடிப்பில் இருக்கும்படி இறங்குங்கள்.

குகை வாசலில் ஐந்து நிமிடம் நின்று கண்ணை இருட்டுக்குப் பழக்கியபின் உள்ளே போங்கள். 'கிரேஸி பேவிங்' குகையின் தரை, கோடையில் வற்றிய நம் குளத்து வண்டல்போலப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். குளம் மறுமழையில் சரியாகிவிடும், அந்தத் தரை ஆகாது. குறித்த வழியிலேயே போங்கள். கூரையிலிருந்து தொங்கும் சுண்ணாம்பு விழுதுகளையும் தொடாதீர்கள். கை எண்ணெய் பட்ட இடத்தில் நீர் ஒட்டாது, விழுது வளராது. காலை விரித்தால் 15 செ.மீ. வரை இருக்கும் சிலந்தி ஒன்று இக்குகைகளில் உண்டு. சட்டப் பாதுகாப்பு பெற்றது. விளக்கைத் தாழ்த்திக்கொண்டு விலகி நடந்தால் போதும்.

5. தண்ணீரைக் கவனியுங்கள்

ஆறு கடுங்காப்பி நிறத்தில் ஓடும். அது அழுக்கல்ல, இலைச்சருகின் சாறு. நிறத்தைவிட மட்டத்தைப் பாருங்கள்: கரையோரம் ஒரு கல்லைக் குறித்துக்கொண்டு, கால்மணிக்கொரு தடவை அது முங்குகிறதா என்று நோக்குங்கள். முங்கினாலோ, குச்சியும் சருகும் மொத்தமாக மிதந்து வந்தாலோ உடனே வெளியேறுங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வெள்ளம் எப்படித் திடீரென்று இறங்கியது என்பது நமக்குத் தெரியும். அங்காவது மேலே ஏற இடம் உண்டு, குகைக்குள் கூரைதான்.

ஹனிகோம்ப் ஹில் குகைக்கு மட்டும் வழிகாட்டியோடுதான் போக முடியும். அழிந்துபோன மோவா பறவையின் எலும்புகள் கிடைத்த இடம் அது. கராமியா போய்ச் சேர்ந்தபின் கேட்டால் இடம் இருக்காது, முன்பே பதிவு செய்யுங்கள்.