சாலிடர் செய்யப்பட்ட ரேமைக் கடையில் கூட்ட முடியுமா?

மடிக்கணினியைக் கடைக்குக் கொண்டுபோகும் முன், அதன் ரேம் (தற்காலிக நினைவகம், அதாவது மெமரி) கழற்றக்கூடியதா என்பதை நீங்களே பார்த்துவிடுங்கள். விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரின் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் திறந்தால், ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரி தெரியும். அங்கே ‘சோடிம்’ என்றிருந்தால் பொதுவாக அது கழற்றி மாற்றக்கூடியது. ‘ரோ ஆஃப் சிப்ஸ்’ என்றிருந்தால் பெரும்பாலும் கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டிலேயே சாலிடர் செய்யப்பட்டது, அதாவது உலோகத்தை உருக்கி நிரந்தரமாக ஒட்டப்பட்டது.

சாலிடர் செய்யப்பட்ட ரேமைச் சாதாரண விற்பனைக் கடைகள் மாற்றித் தருவதில்லை, தர முயல்வதும் சரியல்ல. ஒவ்வொரு சிப்பின் அடியிலும் கடுகைவிடச் சிறிய சாலிடர் உருண்டைகள் வரிசையாக இருக்கும். அவற்றைச் சூடான காற்றால் உருக்கிப் பழையதை எடுத்து, புதியதைப் பிசகாமல் பதித்து, சில மாடல்களில் ரெசிஸ்டர்கள் என்ற சிறு மின்பாகங்களையோ, கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளான பயாஸையோகூட மாற்ற வேண்டும். போர்டு அளவில் பழுதுபார்க்கும் கைதேர்ந்தவர்களால் மட்டுமே ஆகும் வேலை இது. செய்தால் வாரண்டியும் போகக்கூடும். 2020இல் வந்த, ஆப்பிளின் எம்1 சிப் கொண்ட மேக்புக்கில் ரேம் செயலியின் உறைக்குள்ளேயே இருப்பதால், அங்கே இந்த வழியையும் நம்ப வேண்டாம்.

ஒரு விதிவிலக்கைக் கட்டாயம் பாருங்கள்: சில மடிக்கணினிகளில் 8 ஜிபி சாலிடர் செய்யப்பட்டு, கூடவே ரேமைச் செருகும் ஒரு ஸ்லாட்டும் இருக்கும். தயாரிப்பாளரின் சர்வீஸ் மேனுவலில் அப்படி இருந்தால், கடைக்காரரிடம் அந்த ஸ்லாட்டுக்குரிய ரேமைத் தாராளமாகக் கேட்கலாம்.