நேரோபோட்டில் குடியேறுகிறவர்கள் செய்யும் தவறுகள்

இங்கிலாந்துக் கால்வாய்களில் ஓடும் ஒடுக்கமான எஃகுப் படகுக்கு நேரோபோட் என்று பெயர், பலருக்கு அதுவே வீடு. சொந்த நேரோபோட்டை ஓட்ட ஓட்டுநர் உரிமம் தேவையில்லை, தேர்வும் கிடையாது. காலையில் பணம் கட்டியவர் மாலையில் 17 டன் எஃகை நகர்த்திக்கொண்டு கிளம்பிவிடலாம். வேக வரம்பு மணிக்கு 4 மைல். கரையில் நாயைக் கூட்டிக்கொண்டு நடப்பவர் உங்களைத் தாண்டிப் போவார். இந்த மெதுவில்தான் பலர் ஏமாறுகிறார்கள், இவ்வளவு நிதானமாகப் போகும் ஒன்று என்ன செய்துவிடும் என்று. ஆலப்புழைப் படகுவீட்டில் ஓட்ட ஒருவர், சமைக்க ஒருவர் என்று ஆள் இருப்பார்கள். இங்கே மாலுமி, மின்வாரியம், குடிநீர் வாரியம், கழிவுநீர் லாரி எல்லாமே நீங்கள்தான்.

லாக்கில் நடப்பவை

முதலில் லாக். இரண்டு முனையிலும் கதவு வைத்த நீர்த்தொட்டி அது. மதகைத் திறந்து தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ படகை அடுத்த மட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டும். மேல்கதவு ஒரு கட்டுமானப் படியின் மேல் நிற்கிறது. அந்தப் படிக்கு ‘சில்’ என்று பெயர். அது தொட்டிக்குள் சில அடி நீட்டிக்கொண்டிருக்கும். தொட்டி நிரம்பியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. அதன் விளிம்பு எங்கே என்பதைப் பக்கச்சுவரில் ஒரு வெள்ளைக் கோடு காட்டும்.

கீழே இறங்கும்போது படகின் பின்பக்கம் அந்தக் கோட்டைத் தாண்டி முன்னால் இருக்க வேண்டும். பின்னால் நின்றுவிட்டால், தண்ணீர் வடிய வடிய சுக்கானும் படகைத் தள்ளும் விசிறியும் படியில் உட்கார்ந்துகொள்ளும். முன்பக்கம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் முன்தளத்துக்குள் தண்ணீர் புகும், அல்லது படகு படியிலிருந்து வழுக்கி விழும். இரண்டு நிமிடம் போதும்.

சிக்கிவிட்டது தெரிந்தால் இன்ஜினை முறுக்கக் கூடாது. முதலில் கீழ்மதகுகளை மூட வேண்டும். பிறகு மேல்மதகை மெல்லத் திறந்து தொட்டியை நிரப்பினால் படகு தானாக மிதந்து எழும். இதற்கெல்லாம் மதகருகே ஆள் இருந்தாக வேண்டும். மதகைத் திறந்துவிட்டு அடுத்த லாக்கைத் தயார் செய்யப் போவதும், நின்று படம் எடுப்பதும்தான் இங்கே உண்மையான தவறு. தொட்டி காலியாகும் வரை ஒரு கண் மதகில், ஒரு கண் படகின் பின்பக்கத்தில் இருக்கட்டும்.

மேலே ஏறும்போது ஆபத்து முன்பக்கம். மோதலைத் தாங்க மூக்கில் தொங்கும் கயிற்றுத் தாங்கி மேல்கதவின் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பின்பக்கம் உயரும், மூக்கு உயராது. அங்கே மருந்து நேரெதிர்: மேல்மதகை மூடு, கீழ்மதகைத் திற. ஏறும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். தரைக்கடியில் போகும் மதகுகளை முதலில் பாதி திறக்க வேண்டும். கதவிலேயே இருக்கும் மதகு நீருக்குள் மூழ்கிய பிறகுதான் அதைத் தொட வேண்டும். முன்கூட்டித் திறந்தால் அருவி நேராக முன்தளத்தில் கொட்டும்.

இறங்கும்போது கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டுவதும் வழக்கமான பிழை. தண்ணீர் இறங்கும், படகு கயிற்றில் தொங்கும். தூணில் ஒரு சுற்றுச் சுற்றி, முனையைக் கையில் பிடித்து விட்டுக்கொண்டே இருப்பதுதான் முறை. மதகைச் சுழற்றும் கைப்பிடியை, விண்ட்லஸ் என்பார்கள், தண்டில் மாட்டிவிட்டு நகரக் கூடாது. பல்சக்கரத்தின் தடுப்பு நழுவினால் அது விசிறிபோலச் சுழன்று பறந்து வந்து முகத்தைத் தாக்கும். தண்ணீருக்குள்ளும் விழும். அதனால் இரண்டு விண்ட்லஸ் வைத்திருப்பார்கள், கயிற்றில் கட்டிய காந்தம் ஒன்றும் இருக்கும்.

பக்கவாட்டில் தொங்கும் ரப்பர் தாங்கிகளை லாக்குக்குள் நுழையும் முன் தூக்கிவிட வேண்டும். ஜேம்ஸ் பிரிண்ட்லி 18-ஆம் நூற்றாண்டில் வகுத்த குறுகிய லாக்குகளின் அகலம் சுமார் 7 அடி, படகின் அகலம் 6 அடி 10 அங்குலம். இரண்டு நூற்றாண்டுக்கு மேலாகியதில் சில சுவர்கள் உள்பக்கம் பிதுங்கியும் இருக்கின்றன. தாங்கியைத் தொங்கவிட்டு நுழைந்தால் ஆப்பு அடித்ததுபோலச் சிக்கும். படகு சுவரில் மோதப்போகிறது என்று காலையோ கையையோ நீட்டுவதும் இதே கணக்குத்தான். 17 டன்னைக் கால் நிறுத்தாது. மோதட்டும், எஃகு தாங்கும்.

அடுக்கு லாக்குகளில் அறிவிப்புப் பலகையைப் படிக்காமல் கை வைக்காதீர்கள். லெஸ்டர்ஷயரின் ஃபாக்ஸ்டனில் ஐந்தைந்து தொட்டிகளாக இரண்டு அடுக்குகள், ஆக மொத்தம் 10 லாக். அங்கே சிவப்பு மதகு முதலில், வெள்ளை பிறகு. மாற்றிச் செய்தால் பக்கத்துக் குளம் நிரம்பி வழிந்து கரைப்பாதை நனையும். சீசனில் லாக் காவலர்கள் இருப்பார்கள், அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

விசிறிக்கு மேலே ஒரு மூடி

படகு மூழ்குவதற்குச் சத்தமில்லாத வழி வீட் ஹேட்ச். விசிறிக்கு நேர்மேலே, இன்ஜின் அறைக்குள் இருக்கும் ஒரு சிறு மூடி அது. விசிறியில் பிளாஸ்டிக் பையோ கயிறோ முள்கம்பியோ, சில ஊர்களில் பழைய சேலையோ சுற்றிக்கொண்டால் அதைத் திறந்து கையை விட்டு அறுத்து எடுக்க வேண்டும். இன்ஜினை நிறுத்தி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்ட பிறகே கையை விட வேண்டும். சாவி துளையில் இருந்தால் யாராவது திருப்புவார்கள்.

பெரிய பிழை அதற்கப்புறம் வருகிறது. அவசரத்தில் மூடியை அரைகுறையாகப் போட்டுவிட்டுக் கிளம்புவார்கள். விசிறி சுழன்றதும் தண்ணீர் மேலே எறியப்பட்டு இன்ஜின் அறைக்குள் கொட்டத் தொடங்கும். அடித்தளத் தண்ணீர் பம்ப் அதற்கு ஈடுகொடுக்காது. பின்பக்கம் தாழும். தாழத் தாழ இன்னும் வேகமாகத் தண்ணீர் வரும். ரப்பர் சீலைத் துடைத்து, மூடியைச் சரியாக உட்காரவைத்து, இறுக்கியை முழுக்கத் திருகுங்கள். கரையில் கட்டியிருக்கும்போதே கியரைப் போட்டு ஒரு நிமிடம் ஓட்டி, டார்ச் அடித்துச் சுற்றிலும் பாருங்கள். காய்ந்திருந்தால் கிளம்பலாம்.

விசிறித் தண்டு வெளியே போகும் இடத்தில் உள்ள கிரீஸ் குப்பியை ஒவ்வொரு பயண நாளின் முடிவிலும் இறுக்கம் தெரியும் வரை ஒன்றிரண்டு சுற்றுத் திருப்ப வேண்டும். மறந்தால் சொட்டு ஓட்டமாகும்.

பேட்டரியைக் கொல்வது எப்படி

நம் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியைக் கரண்ட் வந்ததும் வாரியத்தின் மின்சாரம் இரவெல்லாம் நிரப்பிவிடும். படகில் அந்த ‘கரண்ட் வந்ததும்’ கிடையாது. புதியவர்கள் முதல் குளிர்காலத்திலேயே ஒரு செட் பேட்டரியைச் சாகடிப்பதற்கு இதுதான் காரணம்.

110 ஆம்பியர்-மணி கொண்ட நான்கு ஈயப் பேட்டரிகள் என்றால் காகிதத்தில் 440. பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்பதால் கையில் இருப்பது 220. சிறிய 12 வோல்ட் ஃபிரிட்ஜ் மட்டும் ஒரு நாளைக்கு 40, 50 சாப்பிடும். 2000 வாட் மின்கெட்டில் போட்டால் பேட்டரியிலிருந்து 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சட்னிக்கு 750 வாட் மிக்ஸியை இரண்டு நிமிடம் ஓட்டுவது பெரிய விஷயமே இல்லை, இன்வெர்ட்டர் அதன் தொடக்க இழுப்பைத் தாங்கினால் போதும். சாதத்தைக் கேஸில், குக்கரில் வையுங்கள்.

தினமும் ஒரு மணி நேரம் இன்ஜினை ஓட்டினால் சார்ஜ் ஆகிவிடும் என்று நினைப்பதுதான் அடிப்படைப் பிழை. ஈயப் பேட்டரி 80 சதவீதம் வரை வேகமாக வாங்கிக்கொள்ளும். மீதி 20 சதவீதத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் ஏற்கும், அதற்கு நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அந்த மீதியை நிரப்பாமலே விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் படிகமாக இறுகிவிடும், கொள்ளளவு வாரத்துக்கு வாரம் குறையும். மீட்டர் மட்டும் 100 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்!

வாரம் ஒரு முறையாவது முழுமையாக நிரப்புங்கள். உள்ளே போகும் மின்னோட்டம் மொத்தக் கொள்ளளவில் 1, 2 சதவீதத்துக்கு இறங்கினால், அதாவது 440-க்கு 4 முதல் 9 ஆம்பியர் என்று வந்தால், நிரம்பியது என்று பொருள். சில மணி நேரம் எதுவும் ஓடாமல் இருந்தபின் வோல்ட்டைப் பாருங்கள்: 12.7 என்றால் முழு, 12.2 என்றால் பாதி. கூரையில் சோலார் இருக்கிறதே என்றால், ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை அது தெய்வம். டிசம்பரில் அதை நம்ப முடியாது. அக்கம்பக்கத்தில் படகுகள் இருந்தால் இரவு 8 முதல் காலை 8 வரை இன்ஜினை ஓட்டக் கூடாது.

லித்தியம் பேட்டரி மாற்றினால் தீர்ந்தது என்று, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் பழைய ஆல்டர்னேட்டரில் நேரடியாக மாட்டுகிறார்கள். அது கொடுப்பதையெல்லாம் லித்தியம் இழுத்துக்கொள்ளும், ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும். இடையில் அந்த இழுப்பைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யவும் கூடாது.

அடுப்பும் கேஸும்

கரி அடுப்புள்ள எஃகுப் பெட்டிக்குள் தூங்குகிறவர்களுக்கு முதல் எதிரி கார்பன் மோனாக்சைடு. மணமோ நிறமோ இல்லை. 2019 ஏப்ரல் முதல் படகுப் பாதுகாப்புச் சான்றிதழுக்கு இதற்கான அலாரம் கட்டாயம். வாங்கும்போது படகுகளுக்கான தரம், பிஎஸ் ஈஎன் 50291-2, என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். தூங்கும் இடத்தில் ஒன்று, அடுப்பறையில் ஒன்று.

அலாரம் அடிக்க வைப்பவை பெரும்பாலும் சில்லறைக் காரியங்கள்: அடுப்புக் கதவின் கயிற்றுச் சீல் தேய்ந்து போவது, கூரை அருகே புகைக்குழாய் இணைப்பு விரிசல் விடுவது, குளிருகிறது என்று காற்றுத் துளைகளைத் துணியால் அடைப்பது. துளையை அடைத்தவருக்கு இன்னொரு பரிசும் உண்டு. மூச்சும் சமையலும் குளியலும் விட்ட ஈரம் போக வழியில்லாமல் குளிர்ந்த எஃகில் படிந்து, மெத்தைக்கு அடியில் பூஞ்சை பூக்கும். சாம்பலும் சூதுடையது. தொட்டால் ஆறியதுபோல இருக்கும் சாம்பல் வாளி மணிக்கணக்கில் அந்த வாயுவை விடும். மூடிய முன்தளத்தில் அதை வைக்காமல் கரையில் வையுங்கள்.

சிலிண்டர் அறையின் அடியில் உள்ள வடிகால் துளைகள் திறந்திருக்க வேண்டும். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் வெளியே போக அதுதான் வழி. கயிறும் நங்கூரமும் அடைத்துவைக்கிற இடம் அது அல்ல. குளிர்காலத்துக்கு பியூட்டேன் வாங்காதீர்கள். அதன் கொதிநிலை சுமார் 0 டிகிரி, உறைபனிக் காலையில் காபிக்குத் தண்ணீர் வைக்க கேஸே வராது. புரொப்பேன் -42 வரை வேலை செய்யும்.

வாங்கும்போதும் கட்டும்போதும்

நீளமான படகு என்றால் வீடு பெரிது, சரிதான். ஆனால் லீட்ஸ்-லிவர்பூல் கால்வாயில் பல லாக்குகள் 60 அடிப் படகுக்காகக் கட்டப்பட்டவை, கால்டர்-ஹெபிளில் அதைவிடக் குறைவு. 70 அடி வாங்கினால் வடக்கின் பெரும்பகுதி மூடிய கதவு. எங்கும் போக நினைப்பவர்கள் 57 அடியோடு நிற்பது இதனால்தான். படகைக் கரையேற்றி, அடித்தகட்டின் தடிமனை அல்ட்ராசவுண்டால் அளக்காமல் பணம் கொடுக்காதீர்கள். 4 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் பல காப்பீட்டு நிறுவனங்கள் முழுக் காப்பீடு தர மறுக்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு முறை அடியில் தார் பூச வேண்டும். கரை மின்சாரத்தில் மாட்டி நிறுத்துகிறவர்களுக்கு கால்வானிக் ஐசோலேட்டர் என்ற தடுப்புக் கருவி அவசியம். இல்லாவிட்டால் அக்கம்பக்கத்துப் படகுகளோடு சேர்ந்து உங்கள் படகும் ஒரு பேட்டரியாகி, எஃகு கரையத் தொடங்கும்.

கட்டும்போது முன்னும் பின்னுமாக இரண்டு கயிறு, கரையிலிருந்து 45 டிகிரி சாய்வில். நடுக்கயிற்றை இறுக்கிக் கட்டாதீர்கள். அது கூரை உயரத்தில் இருப்பதால், ஒரு படகு கடக்கும்போதெல்லாம் உங்கள் படகைச் சாய்த்து இழுக்கும், அலமாரித் தட்டுகள் தரைக்கு வரும். நீங்கள் கடக்கும்போதும் மற்றவர் படகுக்கு மூன்று நான்கு படகு நீளம் முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஆழமில்லாத இடத்தில் வேகம் கூட்டினால் பின்பக்கம்தான் தரைக்கு இறங்கும், படகு முன்னே போகாது.

நிரந்தர இடம் இல்லாமல் ‘தொடர் பயணி’ என்று படகுக்கு உரிமம் எடுப்பவர்கள் அதை இலவச முகவரியாக எண்ணிவிடுகிறார்கள். 1995 சட்டப்படி ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் தங்க முடியாது, ஆண்டு முழுவதும் உண்மையாகவே பயணத்தில் இருக்க வேண்டும். இரண்டு பாலங்களுக்கிடையே பதினான்கு நாளைக்கொரு முறை போய்வருவது பயணமாகாது. 20 மைலுக்குள் சுற்றிக்கொண்டிருப்பதைக் கால்வாய்களைப் பராமரிக்கும் கேனல் அண்ட் ரிவர் டிரஸ்ட் பெரும்பாலும் ஏற்பதில்லை. 2024 ஏப்ரல் முதல் இவர்களுக்கு உரிமக் கட்டணமும் கூடுதல். வேலையும் பிள்ளைகளின் பள்ளியும் ஒரே ஊரில் என்றால் முதலில் மூரிங், அதாவது படகைக் கட்ட நிரந்தர இடம், தேடுங்கள், படகு அப்புறம்.

நேரக்கணக்குக்கு ஒரு எளிய வழி: மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுங்கள், மணி நேரம் கிடைக்கும். 6 மைல், 9 லாக் என்றால் 5 மணி நேரம். வரைபடத்தில் விரல்கடை தூரம்தான் என்று மதியம் கிளம்புகிறவர்கள் இருட்டில் லாக் ஓரம் நிற்பார்கள். டிவைசஸ் அருகே கேன் ஹில்லில் இரண்டு மைலுக்குள் 29 லாக்.

கழிப்பறையில் கேசட், அதாவது கழற்றி எடுத்துக் கொட்டும் கழிவுப் பெட்டி, வைத்திருந்தால் இருவருக்கு இரண்டு மூன்று நாள் வரும். உபரி கேசட் ஒன்று வேண்டும். ப்ளீச் ஊற்றினால் ரப்பர் சீல் போய்விடும்.

குளிர்காலம்

நவம்பர் முதல் மார்ச் வரை பழுதுபார்க்க லாக்குகளை மூடுவார்கள். பட்டியல் முன்கூட்டியே வெளியாகும். அதைப் பார்க்காமல் போகிறவர்கள் இரண்டு மூடிய லாக்குகளுக்கு நடுவே, தண்ணீர்க் குழாயும் கழிவுநீர் இடமும் இல்லாத துண்டில் மாட்டிக்கொள்வார்கள். டீசல் டேங்கை நிரப்பி வையுங்கள். காலி இடம் இருந்தால் அதில் ஈரம் படிந்து தண்ணீராகும், அந்தத் தண்ணீரில் நுண்ணுயிர் வளர்ந்து ஃபில்டரை அடைக்கும். பனிக்கட்டியை உடைத்துக்கொண்டு ஓட்டினால் தார்ப்பூச்சு நீர்மட்டத்தில் சுரண்டப்படும், அருகில் கட்டியிருக்கும் ஃபைபர் படகு கிழியவும் கூடும்.

சில நாள் படகை விட்டுவிட்டுப் போகிறீர்கள் என்றால் தண்ணீர் பம்பை அணைத்து, வெந்நீர்த் தொட்டியையும் குழாய்களையும் வடித்து, எல்லாக் குழாயையும் திறந்தே விடுங்கள். இதையெல்லாம் செய்தவர்கள்கூட மறப்பது ஷவரை. அதன் வெந்நீர்-தண்ணீர் கலக்கும் வால்வுக்குள் தேங்கிய கொஞ்சம் தண்ணீர் உறைந்து விரிந்தாலே உலோகம் வெடிக்கும். திரும்பி வந்து பம்பைப் போட்டதும் டேங்கிலுள்ள தண்ணீரெல்லாம் படகுக்குள் இறங்கும். ஷவர் தலையைக் கழற்றி, குழலைக் குளியல் தொட்டியின் தரையில் போட்டு, வால்வை நடுநிலையில் திறந்துவிட்டுப் போங்கள்.