"ரத்தம் கம்மி" என்றதும் இரும்பு மாத்திரையோடு நின்றுவிடாதீர்கள்

மலேசியாவின் பட்டர்வொர்த்திலோ புக்கிட் மெர்தாஜாமிலோ ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் கம்மி என்று மிஸ்ஸி (நர்ஸ்) சொன்னால் போதும், மாமியார் முருங்கைக்கீரை வாங்கக் கிளம்பிவிடுவார். தப்பில்லை, பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவுதான் காரணம். ஆனால் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் சில வாரங்களில் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால், நாமாகவே மாத்திரையைக் கூட்டிக்கொள்வது தவறு. (தே தாரிக் என்ற பால் தேநீரோடு விழுங்குகிறவர்கள் முதலில் அதை நிறுத்திப் பார்க்கவும். தேயிலை இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது.)

ரிப்போர்ட்டில் ஹீமோகுளோபின் 11க்குக் கீழே என்பதை மட்டும்தான் எல்லாரும் பார்க்கிறார்கள். எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 80க்கும், எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின்) 27க்கும் குறைந்து, ஃபெரிட்டின் (உடம்பில் இரும்பு இருப்பைக் காட்டுவது) சரியாக இருந்தால், தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கேரியராக (நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவராக) இருக்குமோ என்று டாக்டரிடம் கேளுங்கள். அதற்காக இரும்பு மாத்திரையைத் தூக்கிப் போடவும் கூடாது. கேரியருக்கும் இரும்பு குறையலாம்.

பெரிய தவறு நடப்பது இதற்கப்புறம்தான். மனைவி கேரியர் என்று தெரிந்தும் கணவர் ரத்தப் பரிசோதனைக்கு வருவதில்லை. "எனக்கு ஒண்ணுமில்லையே!" கேரியருக்கு அறிகுறி ஒன்றும் தெரியாதுதான். இருவரும் பீட்டா (தலசீமியாவின் ஒரு வகை) கேரியர் என்றால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடுமையான தலசீமியா வர நான்கில் ஒரு வாய்ப்பு. அவருக்கு ஹீமோகுளோபின் ஈ (ஹீமோகுளோபினின் ஒரு பரம்பரை மாற்று வகை), எனக்குப் பீட்டா, வேறு வேறுதானே என்று நிம்மதியடைவதும் தப்புக் கணக்கு. இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்தால் மாதாமாதம் ரத்தம் ஏற்றும் நிலைகூட வரலாம். வடக்கு மாநிலங்களில் ஈ வகை சகஜம், கலப்புத் திருமணமும் சகஜம். பள்ளியில் நான்காம் படிவத்தில் (16 வயதில்) இந்தப் பரிசோதனை 2016இல்தான் தொடங்கியது. அதற்கு முன்பே பள்ளி முடித்தவர்கள் தாமாகக் கேட்டுத்தான் செய்துகொள்ள வேண்டும். கருவைப் பரிசோதிக்க வேண்டுமானால் 11ஆவது வாரத்திலிருந்தே வழி உண்டு. ஆறாம் மாதத்தில் கணவரை இழுத்துவந்து பயன் குறைவு.

ரத்தம் குறைய இன்னொரு காரணம் ஜி6பிடி குறைபாடு, அதாவது சிவப்பணுவைக் காக்கும் என்சைம் குறைவு. அது உள்ளவர்கள் அதை ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்ல வேண்டும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் நைட்ரோஃபுரான்டோயினும், அலமாரியில் போடும் நாப்தலின் உருண்டையும் அவர்களின் சிவப்பணுவை உடைக்கலாம். கண் மஞ்சளாகி, சிறுநீர் கோப்பி ஓ (பால் சேர்க்காத காப்பி) நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எலும்பு மஜ்ஜையே ரத்தம் உற்பத்தி செய்யாமல் போகும் அப்ளாஸ்டிக் அனீமியா மிக அரிது. ஆனாலும் ரத்தச்சோகையோடு ஈறில் ரத்தம், அடிபடாமலே நீலமாகக் கன்றிப்போதல், விடாத காய்ச்சல் இருந்தால், அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம்.