ரீஃபண்ட் நின்றுபோச்சா? எந்த இடத்தில் நிற்கிறது என்று முதலில் பாருங்கள்

கடலூர் சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள், நெய்வேலியில் ரிட்டயர்டு ஆனவர்கள், புதுச்சேரி அரசு ஊழியர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். பக்கத்து சீட்காரருக்கு வருமான வரி ரீஃபண்ட் வந்துவிட்டது, எனக்கு ஏன் வரவில்லை? ரிட்டர்ன்களைப் பரிசீலிப்பது வருமான வரித் துறையின் பெங்களூரு மையமான சிபிசி. அதனால் உள்ளூர் ஆபீஸ் வாசலில் போய் நிற்பதற்கு முன்னால் துறையின் ஈ-ஃபைலிங் போர்ட்டலில் லாகின் செய்து, ஈ-ஃபைல் மெனுவில் ‘வியூ ஃபைல்டு ரிட்டர்ன்ஸ்’ திறந்து, ரிட்டர்ன் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அது தெரியாமல் எடுக்கிற எந்த நடவடிக்கையும் வீண் அலைச்சல்.

ரிட்டர்ன் நீங்கள் போட்டதுதான் என்று ஆன்லைனில் உறுதிசெய்யும் ஈ-வெரிஃபை ஆகாமல் இருந்தால் உடனே முடியுங்கள், ரிட்டர்ன் போட்டதிலிருந்து 30 நாள்தான் கெடு. ‘பிராசசிங்’ என்று மட்டும் இருந்தால், அது தாமதம், பிரச்சினை என்று முடிவு கட்ட வேண்டாம். 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கான (அதாவது 2024-25 நிதியாண்டு வருமானத்துக்கான) ரிட்டர்னை 2025 செப்டம்பரில் போட்டிருந்தால், அதை முடிக்கத் துறைக்குச் சட்டப்படி 2026 டிசம்பர் 31 வரை நேரம் இருக்கிறது.

‘ரீஃபண்ட் ஃபெயில்டு’ என்று இருந்தால் கோளாறு வங்கிக் கணக்கில். நம் ஊரில் இதற்கு முக்கியக் காரணம் இனிஷியல். பாஸ்புக்கில் எஸ். மலர்விழி, பான் கார்டில் அப்பா பெயர் முழுசாகச் சேர்ந்து மலர்விழி சுந்தரம், கல்யாணத்துக்கு அப்புறம் ஆதாரில் கணவர் பெயர், இப்படி மூன்று இடத்தில் மூன்று விதமாக இருந்தால் கணக்கு வேலிடேட் ஆகாமல், அதாவது உங்களுடையதுதான் என்று போர்ட்டலில் உறுதியாகாமல், பணம் திரும்பிவிடும். பான் கார்டை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், கணக்கில் உள்ள பெயரைப் பானில் உள்ளபடி மாற்றச் சொல்லுங்கள். இன்னொரு காரணம், லட்சுமி விலாஸ் டிபிஎஸ்ஸோடும் சிண்டிகேட் கனராவோடும் அலகாபாத் இந்தியன் வங்கியோடும் சேர்ந்த பிறகும் வங்கிக் கிளையைக் குறிக்கும் பழைய ஐஎஃப்எஸ்சி எண்ணே போர்ட்டலில் கிடப்பது. இரண்டையும் சரிசெய்து, கணக்கை மறுபடி வேலிடேட் செய்து, ‘ரீஃபண்ட் ரீஇஷ்யூ’ கோரிக்கை கொடுத்தால் போதும். பானும் ஆதாரும் இணைந்திருக்கிறதா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.

இனி, நிஜமாகவே பரிசீலனைக்காக நிறுத்திவைத்தால் என்ன செய்வது? 2025 டிசம்பரில் நிறையப் பேருக்கு அப்படி எஸ்எம்எஸ்ஸும் மெயிலும் வந்தன. ரிட்டர்னில் கேட்ட வரிக் கழிவும் துறையிடம் இருக்கிற விவரமும் பொருந்தவில்லை, சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். அதைப் பார்த்துப் பதறி, நியாயமாகக் கேட்ட கழிவைக்கூட நீக்கிவிட்டு ரிவைஸ்டு ரிட்டர்ன் (திருத்திய ரிட்டர்ன்) போடாதீர்கள், அது உங்கள் பணம். கம்பெனி தரும் ஃபார்ம் 16, பிடித்த வரியைக் காட்டும் ஃபார்ம் 26ஏஎஸ், உங்கள் வருமான விவரங்களைத் துறை தொகுத்த ஏஐஎஸ் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். ஃபிக்ஸட் டெபாசிட் வட்டி ஏஐஎஸ்ஸில் இருந்து ரிட்டர்னில் விடுபட்டிருக்கலாம், பெரியவர்கள் கணக்கில் இது ரொம்ப சகஜம். டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்தவர் அதைத் தாக்கல் செய்யாததால் 26ஏஎஸ்ஸில் ஏறாமலும் இருக்கலாம், அப்படியானால் நீங்கள் பிடிக்க வேண்டியது கம்பெனி அக்கவுண்ட்ஸ் ஆளைத்தான், சிபிசியை அல்ல.

அடுத்து ‘பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்’ கீழே ‘ஈ-புரொசீடிங்ஸ்’ பாருங்கள். உங்கள் கணக்கில் மாற்றம் செய்யப் போவதாகச் சொல்லும் 143(1)(ஏ) நோட்டீஸ் இருந்தால் 30 நாளுக்குள் ஒத்துக்கொள்கிறேன் அல்லது ஒத்துக்கொள்ளவில்லை என்று பதில் போட வேண்டும். சும்மா விட்டால் அவர்கள் சொன்ன கணக்கே உறுதியாகிவிடும். 245-ஆம் பிரிவு நோட்டீஸ் வந்தால் பழைய வருஷ பாக்கியில் இந்த ரீஃபண்டைக் கழிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். கட்டிய பாக்கியாக இருந்தால் சலானோடு, நோட்டீசில் உள்ள கெடுவுக்குள் மறுப்புத் தெரிவியுங்கள். வாடகை ரசீது, நன்கொடை ரசீது, இன்சூரன்ஸ் பிரீமிய ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். “பெரிய ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், வருவதில் இவ்வளவு பர்சென்ட் கொடுங்கள்” என்று யாராவது உங்கள் ரிட்டர்னைப் போட்டிருந்தால், அதை இன்றைக்கே டவுன்லோட் செய்து படியுங்கள். கட்சிக்குக் கொடுக்காத நன்கொடையும் கொடுக்காத வாடகையும் உங்கள் பெயரில் ஏறியிருக்கலாம். 2025 ஜூலையில் இந்த மாதிரி ஆட்களைக் குறிவைத்துத் தமிழ்நாடு உட்பட நாடு முழுக்க 150 இடங்களில் துறை சோதனை நடத்தியது. பர்சென்ட் வாங்கியவர் போய்விடுவார், பதில் சொல்ல வேண்டியது நீங்கள். தவறு இருந்தால் ரிவைஸ்டு ரிட்டர்னுக்கான கெடுவுக்குள் திருத்துங்கள். அது தாண்டினால் தாமதமாகத் திருத்துகிற அப்டேட்டட் ரிட்டர்ன்தான், அதில் கூடுதல் வரி கட்டலாமே தவிர ரீஃபண்ட் கேட்க முடியாது.

எஸ்எம்எஸ்ஸிலோ மெயிலிலோ வரும் லிங்க்கைத் தொடாதீர்கள், ஓடிபி கேட்டால் கொடுக்காதீர்கள். துறையின் நோட்டீசில் டின் என்ற ஆவண எண் இருக்கும், லாகின் செய்யாமலே போர்ட்டலில் அதைப் போட்டு நோட்டீஸ் உண்மையா என்று பார்க்கலாம்.

பதில் கொடுத்தும் அசையவில்லை என்றால் 1800 103 0025-க்குப் பேசுங்கள், போர்ட்டலிலேயே ‘கிரீவன்ஸ்’ பகுதியில் எழுத்தில் புகாரும் போடுங்கள். போனில் சொன்னது காற்றோடு போகும், புகார் எண் இருந்தால் பின்னால் மத்திய அரசின் புகார் தளமான சிபிகிராம்ஸிலோ வார்டு அதிகாரியிடமோ போகும்போது கையில் ஆதாரம் இருக்கும்.

ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டிருந்தால் மதிப்பீட்டு ஆண்டின் ஏப்ரல் 1 முதல் ரீஃபண்ட் தொகைக்கு மாதத்துக்கு அரை சதவீத வட்டி உண்டு, 30,000 ரூபாய் என்றால் மாதம் 150. ரீஃபண்ட் தொகை மொத்த வரியில் 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் வட்டி கிடையாது. அந்த வட்டியும் வருமானம்தான், அடுத்த வருஷ ரிட்டர்னில் மறக்காமல் காட்டுங்கள்.